பல்லச்சு உலோக அயர்ச்சி ஆயுள் கணிப்புப் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலோகத் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் உடைத்துப் பார்ப்பதையே பல ஆண்டுகள் தொழிலாகச் செய்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு, இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்துப் பொறியியல் மாணவர்களிடமிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே நேரத்தில் பல திசைகளில் சுமை ஏறி இறங்கும் உலோகத் துண்டு எத்தனை சுழற்சிகளில் உடையும் என்பதை, சோதனை முடிவைப் பார்க்காமலேயே கணித்து அனுப்பும் ஆராய்ச்சிப் போட்டிகளில் கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் அவர்கள். ஒரே ஐயத்தைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாக விளக்கி அலுத்த பிறகு இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். விதிமுறைகள் போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால், இங்கே இருப்பவை இவ்வகைப் போட்டிகளுக்குப் பொதுவான செய்திகள் மட்டுமே.

சார், உலோகத்துக்கு எப்படி அயர்ச்சி வரும்? அது என்ன மனுசனா?

கட்டுக்கம்பியை ஒருமுறை வளைத்தால் அது உடைவதில்லை. முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் உடைந்துவிடுகிறது. ஒவ்வொரு வளைப்பிலும் உலோகப் படிகங்களுக்குள் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சிறிது நழுவுகின்றன. நழுவியது முழுவதும் பழைய இடத்துக்குத் திரும்பாததால் மேற்பரப்பில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டாகி, அவற்றில் ஒன்று விரிசலாக மாறி, சுழற்சிக்குச் சுழற்சி வளர்ந்து, மிச்சமிருக்கும் பகுதி சுமையைத் தாங்க முடியாத கட்டத்தில் துண்டு திடீரென்று முறிகிறது. ஒருமுறை இழுத்தால் எதுவும் செய்யாத சுமை, பல லட்சம் முறை வந்தால் உடைத்துவிடும்.

1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாய் அருகே இரயில் எஞ்சின் ஒன்றின் அச்சு முறிந்து நேர்ந்த பெருவிபத்துதான் பொறியாளர்களை இதன் பக்கம் திருப்பியது. பின்னர் பிரஷ்ய இரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர், அச்சுகளை இயந்திரத்தில் சுழற்றிச் சுழற்றி உடைத்து, தகைவு, அதாவது பரப்பலகு ஒன்றின்மேல் விழும் உள்விசை, குறையக் குறைய ஆயுள் எப்படி நீள்கிறது என்பதை முறையாக அளந்தார். அயர்ச்சி, களைப்பு, சோர்வு என்று மூன்று சொற்களும் தமிழில் புழங்குகின்றன. நான் அயர்ச்சியை வைத்துக்கொள்கிறேன்.

பல்லச்சு என்றால் என்ன? ஒரு பக்கம் இழுத்துப் பார்த்தால் போதாதா?

விசைப்படகின் புரொப்பல்லர் தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் சாப்டு என்றால்தான் விளங்கும். எஞ்சின் அதை முறுக்குகிறது. புரொப்பல்லரின் எடையும், தேய்ந்த புஷ்ஷும், நேர்க்கோட்டில் அமையாத பொருத்தமும் அதை வளைக்கின்றன. படகைத் தள்ளும் விசை அதை நீளவாக்கில் அழுத்துகிறது. தண்டின் மேற்பரப்பில் ஒரு புள்ளியில் நின்று பார்த்தால் இத்தனை தகைவுகளும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. இதைத்தான் பல்லச்சுச் சுமை என்கிறோம். இழுவைச் சோதனை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் புள்ளியின் ஆயுளைச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தண்டு ஒருமுறை சுழன்றால் வளைவு ஒருமுறை ஏறி இறங்கும். மூன்று இதழ் கொண்ட புரொப்பல்லராக இருந்தால், ஒவ்வோர் இதழும் படகின் பின்கட்டைக்குப் பின்னால் ஓட்டம் தளர்ந்த நீரைக் கடக்கும்போது முறுக்கம் சற்று மாறுவதால், அது ஒரு சுற்றுக்கு மூன்று முறை துடிக்கும். ஒன்றுக்கு மூன்று என்ற இந்தக் கணக்கு பின்னால் நமக்குத் தேவைப்படும். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் மணிக்கு 36,000 வளைவுகள் ஆகின்றன. 28 மணி நேர ஓட்டத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும்.

போட்டியில் என்ன தருவார்கள், நாம் என்ன அனுப்ப வேண்டும்?

உலோகத்தின் வேதிச் சேர்க்கை, ஈல்டு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு), யங் குணகம் (விறைப்பின் அளவு) முதலிய அடிப்படைப் பண்புகள், தூய இழுவை–அழுத்தத்தில் எடுத்த திரிபு–ஆயுள் தரவு (திரிபு என்பது சுமையால் நீளமோ வடிவமோ மாறும் விகிதம்), சில வேளைகளில் தூய முறுக்கத் தரவு, சோதனைத் துண்டின் வரைபடம், சுமைப் பாதைகள் (எந்தச் சுமை எப்போது, எவ்வளவு ஏறி இறங்கும் என்ற விவரம்) ஆகியவற்றைத் தருவார்கள். ஒவ்வொரு பாதைக்கும் துண்டு எத்தனை சுழற்சிகளில் முறியும் என்ற எண்ணை நீங்கள் அனுப்ப வேண்டும். உண்மையான ஆயுள்கள் காலக்கெடு முடியும் வரை பூட்டிவைக்கப்பட்டிருக்கும். எந்தக் கணித மாதிரியைப் பயன்படுத்தினீர்கள் என்ற குறிப்பையும் பெரும்பாலும் கேட்பார்கள்.

விடையை மறைத்து வைப்பதில்தான் இதன் மதிப்பு இருக்கிறது. விடை தெரிந்த பிறகு ஒரு சூத்திரத்தின் மாறிலிகளைத் திருகிப் புள்ளிகளைக் கோட்டின்மேல் உட்கார வைப்பது எவருக்கும் கைவரும்; ஆய்வுக் கட்டுரைகளில் காணும் அழகான பொருத்தங்களில் கணிசமானவை அப்படி வந்தவைதாம் என்பது என் எண்ணம். எல்லாரும் ஒரே தரவை வைத்து முறைகளை ஒப்பிடும் வழக்கம் புதியதும் அல்ல. 1980களில் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் அயர்ச்சிக் குழு, 1045 என்ற வகை எஃகில் செய்த, 40 மி.மீ. விட்டமும், விட்டம் மாறும் படியில் 5 மி.மீ. ஆர வளைவும் கொண்ட தண்டுகளை வளைவும் முறுக்கமும் சேர்த்துச் சோதித்தது. அந்த முடிவுகளும் அவற்றை ஒட்டிய ஆய்வுகளும் 1989இல் தொகுப்பாக வெளிவந்தன. இன்றும் புதிய மாதிரிகளை அவற்றில் உரசிப் பார்க்கிறார்கள்.

எங்கள் கல்லூரியில் அந்தச் சோதனை இயந்திரமே இல்லை. நாங்கள் கலந்துகொள்ள முடியுமா?

முடியும். கணிப்பவருக்கு ஒரு கணினியும் பொறுமையும் போதும். இழுவையும் முறுக்கமும் சேர்த்துக் கொடுக்கும் நீரியல் இயந்திரம் வைத்திருக்கும் இடங்களே நாட்டில் குறைவு. அதோடு, வினாடிக்கு ஒரு சுழற்சி வீதம் ஓட்டினால் ஒரு லட்சம் சுழற்சிக்கு 28 மணி நேரமும் பத்து லட்சத்துக்குப் பதினொன்றரை நாளும் ஆகும். இந்தத் துறையில் தரவு இவ்வளவு அரிதாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். பின்னால் வரும் கணினிக் கற்றல் பற்றிய கேள்விக்கும் இதுதான் அடிப்படை.

அண்ணே, உடைஞ்ச சாப்டைப் பார்த்தே எதனால உடைஞ்சுதுன்னு சொல்றீங்களே, எப்படி?

மண்டபத்து லேத் பட்டறைக்காரர் ஒருவர் கேட்டது இது. போட்டிக்குத் தொடர்பில்லாததுபோல் தோன்றினாலும், மாணவர்கள் கேட்கும் கேள்விகளைவிட இதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறும்போது, அவர் பட்டறை வாசலில் முறிந்த தண்டு ஒன்றாவது கிடக்கும். சென்ற முறை பார்த்த தண்டில் விரிசல், சாவி பொருந்தும் காடியின் மூலையில் தொடங்கியிருந்தது. அங்கிருந்து, வற்றுக் கடல் மணலில் விட்டுச் செல்லும் வரிகளைப்போல வில் வில்லாகக் கோடுகள் பரவியிருந்தன. அந்தப் பகுதி வழவழப்பாக, துருவேறிக் கரும்பழுப்பாக இருந்தது. பழைய விரிசலுக்குள் பலநாள் உப்புநீர் புகுந்து வந்ததன் அடையாளம் அது. எதிர்முனையில் கட்டைவிரல் நகமளவு இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. கடைசி நொடியில் முறிந்தது அந்த நகமளவு இடம்தான். அது அவ்வளவு சிறிதாக இருந்ததால் சுமை பெரிதல்ல, சுழற்சிகளே மிகுதி என்று சொல்ல முடிந்தது.

திசையும் பேசும். கரும்பலகையில் எழுதும் சாக்குத் துண்டு (சாக்பீஸ்) ஒன்றை எடுத்து வளைத்து உடையுங்கள். குறுக்கே நேராக உடையும். இன்னொன்றை இரு முனையிலும் பிடித்து முறுக்குங்கள். 45 பாகையில் திருகாணிபோல் சுழன்று உடையும். சாக்கு மொறுமொறுப்பான பொருள், மிகப் பெரிய இழுவை எந்தத் தளத்தில் விழுகிறதோ அந்தத் தளத்தில் பிளக்கிறது. மென்மையான எஃகை முறுக்கினால் விரிசல் முதலில் தண்டின் நீளவாக்கிலோ நேர்க்குறுக்காகவோ, அதாவது சறுக்குத் தகைவு (ஓர் அடுக்கை அடுத்ததன்மேல் நழுவத் தள்ளும் தகைவு) மிகுந்த தளத்தில், தொடங்கும். சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, உங்கள் பொருள் சாக்கைப்போல நடக்குமா, எஃகைப்போல நடக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் வான் மீசஸ் சூத்திரத்தில் போட்டு ஒரே எண்ணாக்கிவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

சுமைகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால், முதல் மதிப்பீடாக அது பரவாயில்லை. சிக்கல், அவை வெவ்வேறு நேரத்தில் உச்சத்துக்குப் போகும்போது தொடங்குகிறது. தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிற்றுக்காரர்களும் ஒரே அம்பாவுக்கு (வலை இழுக்கும்போது பாடும் பாட்டுக்கு) இழுத்தால் வலை நேராக வரும். ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் தளர்ந்தால், மடி இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே வரும். இழுவையின் அளவு ஒன்றாகவே இருக்கலாம். அதன் திசை மட்டும் ஓயாமல் மாறுகிறது.

எண்ணில் பாருங்கள். இழுவைத் திரிபின் வீச்சு 0.4 விழுக்காடு, முறுக்கத் திரிபின் வீச்சு அதைப்போல் 1.73 மடங்கு, அதாவது 0.69 விழுக்காடு என்று வைப்போம். இரண்டுக்கும் இடையே 90 பாகைக் கட்ட வேறுபாடு இருந்தால், அதாவது ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது சுழியில் இருந்தால், வான் மீசஸ் கணக்கில் சமானத் திரிபு எந்த நொடியிலும் 0.4 விழுக்காட்டிலேயே நிற்கும். அப்படியானால் வெறும் 0.4 விழுக்காடு இழுவைக்கு உள்ள ஆயுளே இதற்கும் இருக்க வேண்டும். சோதனையில் அப்படி வருவதில்லை. முதன்மைத் திசை சுழல்வதால் படிகத்தின் எல்லாத் தளங்களிலும் நழுவல் நடந்து, ஒன்றையொன்று தடுத்து, உலோகம் கூடுதலாக இறுகுகிறது. 304 வகைத் துருப்பிடிக்கா எஃகில் இந்தக் கூடுதல் இறுக்கம் தகைவை ஏறத்தாழ இருமடங்காக்கி, ஆயுளைப் பத்தில் ஒரு பங்காகவே குறைத்துவிடக்கூடும். அலுமினியக் கலவைகளில் இந்த விளைவு சிறிது. ஆகவே ஒரு பொருளுக்குச் சரியாக வந்த மாதிரி இன்னொன்றுக்கும் வரும் என்று நம்பாதீர்கள்.

'மாறுநிலைத் தளம்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

விரிசல் ஏதோ ஒரு தளத்தில்தான் பிறக்கிறது. ஆகவே எல்லாத் தளங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, எதில் சேதம் மிகுதியோ அதையே பிடி என்பது இதன் கருத்து. மேற்பரப்புப் புள்ளி ஒன்றில் தளத்தை ஐந்து பாகைக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி, ஒவ்வொன்றிலும் சறுக்குத் திரிபின் வீச்சையும் செங்குத்துத் தகைவின் உச்சத்தையும் கணக்கிடுங்கள். சில நூறு தளங்களைக் கணினி நொடியில் முடித்துவிடும். மேற்பரப்புக்குச் செங்குத்தான தளங்களோடு நிறுத்திவிடாமல், 45 பாகை சாய்ந்த தளங்களையும் சேர்க்க வேண்டும். தூய இழுவையில் சறுக்கு உச்சம் பெறும் தளங்களில் ஒருபகுதி அங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் எழுதிய நிரல்களில் நான் அடிக்கடி காணும் விடுபாடு இது.

ஃபாட்டெமி–சோசியா, ஸ்மித்–வாட்சன்–டாப்பரா? எதைப் பிடித்துக்கொள்வது?

சாக்கா எஃகா என்று மேலே கேட்டதற்கு நீங்கள் சொல்லும் விடையைப் பொறுத்தது. விரிசல் சறுக்குத் தளத்தில் தொடங்கி ஆயுளில் பெரும்பகுதியை அங்கேயே கழிக்கும் பொருளுக்கு, 1988இல் வந்த ஃபாட்டெமி–சோசி அளவீடு நன்றாகப் பொருந்தும். அது சறுக்குத் திரிபின் வீச்சை எடுத்து, அந்தத் தளத்தைத் திறக்கும் செங்குத்துத் தகைவால் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. விரிசலின் இரு முகங்களும் சொரசொரப்பானவை. அவற்றைப் பிரிக்கும் தகைவு இருந்தால் உராய்வு குறைந்து சறுக்கல் எளிதாகும் என்பது இதன் பின்னுள்ள படம். 1973இல் வந்த பிரவுன்–மில்லர் முறை அந்த இடத்தில் செங்குத்துத் திரிபை வைத்திருந்தது. தகைவை வைத்ததால்தான் புதிய முறைக்கு வான் மீசஸ் பற்றிய பதிலில் சொன்ன கூடுதல் இறுக்கம் கண்ணுக்குப் படுகிறது. திரிபை மட்டும் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

இழுவைத் தளத்தில் பிளக்கும் வார்ப்பிரும்பு போன்றவற்றுக்கு 1970இல் வந்த ஸ்மித்–வாட்சன்–டாப்பர் அளவீட்டைத் தளவாரியாகப் பயன்படுத்துங்கள். எந்த வகை என்று தெரியாவிட்டால், முறுக்க அயர்ச்சி எல்லையை வளைவு அயர்ச்சி எல்லையால் வகுத்துப் பாருங்கள் (அயர்ச்சி எல்லை என்பது, அதற்குக் கீழே எத்தனை சுழற்சி வந்தாலும் முறியாத தகைவு). விடை 0.6ஐ ஒட்டியிருந்தால் சறுக்கு வகை, 0.8ஐத் தாண்டினால் இழுவை வகை. வளைவும் முறுக்கமும் சேர்ந்த சோதனைகளில் இந்த வேறுபாட்டைக் காஃப், போலார்டு இருவரும் 1935லேயே காட்டிவிட்டார்கள். முறுக்கத் தரவு தரப்பட்டிருந்தால், ஃபாட்டெமி–சோசி மாறிலியை இழுவைக் கோடும் முறுக்கக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி தேர்ந்தெடுங்கள்.

சார், நான் 2 லட்சம்னு கணிச்சேன், வந்தது 1 லட்சம். பாதிக்குப் பாதி தப்பு. மதிப்பெண் போச்சா?

போகவில்லை, பார்க்கப்போனால் அது நல்ல கணிப்பு. அயர்ச்சி ஆயுளை மடக்கை அளவில்தான் மதிப்பிடுவார்கள். 1 லட்சம் என்ற உண்மைக்கு 2 லட்சம் எவ்வளவு தூரமோ, 50,000மும் அவ்வளவே தூரம். இரண்டு மடங்குப் பட்டைக்குள் விழுந்தால் நன்று, மூன்று மடங்குக்குள் விழுந்தால் ஏற்கலாம் என்பது இத்துறையின் பொதுவழக்கு. ஒரே கம்பியிலிருந்து வெட்டி, ஒரே இயந்திரத்தில் ஒரே சுமையில் ஓட்டிய மூன்று துண்டுகள் 60,000, 1,00,000, 1,80,000 என்று முறிந்தால் யாரும் வியப்படைய மாட்டார்கள். அவற்றின் சராசரியையும் பெருக்கல் சராசரியாக எடுங்கள். 1,02,600 அளவில் வரும்.

இவ்வளவு தாராளம் ஏன் என்றால், நீண்ட ஆயுள் பகுதியில் தகைவு–ஆயுள் கோட்டின் அடுக்கெண் ஏறத்தாழ பத்தில் ஒன்றாக இருக்கும். தகைவில் 10 விழுக்காடு பிழை வந்தால் ஆயுளில் 2.6 மடங்கு பிழை வரும். சுமையளவி, துண்டின் விட்டம், மேற்பரப்புப் பளபளப்பு எல்லாம் சேர்ந்து 10 விழுக்காடு தவறுவது பெரிய செய்தியே அல்ல.

முதல்முறை செய்பவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் எது?

அலகுகளும் வரையறைகளும்தாம். வீச்சு என்பது நடுவிலிருந்து உச்சம்வரை. வீச்செல்லை என்பது பள்ளத்திலிருந்து உச்சம்வரை, அதாவது இருமடங்கு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டால், நீண்ட ஆயுள் பகுதியில் விடை ஆயிரம் மடங்கு தவறிவிடும். பொறியியல் சறுக்குத் திரிபுக்கும் டென்சர் சறுக்குத் திரிபுக்கும் இடையிலும் இதே இருமடங்கு ஒளிந்திருக்கிறது; முதலது இரண்டாவதைப்போல் இரு மடங்கு. திரிபு–ஆயுள் சூத்திரங்கள் எதிர்த்திருப்பங்களை எண்ணுகின்றன, போட்டி சுழற்சிகளைக் கேட்கிறது. ஏறுவது ஒன்று, இறங்குவது ஒன்று என ஒரு சுழற்சிக்கு இரண்டு எதிர்த்திருப்பங்கள். நான் முதன்முதலாக இப்படிக் கணித்து அனுப்பியபோது வீச்செல்லையை வீச்சென்று எடுத்துவிட்டு, என் மாதிரி புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டது என்று இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன்.

சுமை ஒழுங்கில்லாமல் வந்தால் சுழற்சியை எப்படி எண்ணுவது?

ஒரே சுமையாக இருந்தால், எண்டோவும் மட்சுய்ஷியும் 1968இல் வெளியிட்ட மழைநீர் வழிவு முறை இருக்கிறது. கூரைகளின்மேல் மழைநீர் வழிவதுபோல் கற்பனை செய்து மேடுபள்ளங்களை இணைக்கும் முறை அது. பல்லச்சில் எந்த அலையை எண்ணுவது என்பதே கேள்வி. புரொப்பல்லர் தண்டில் வளைவு ஒருமுறையும் முறுக்கம் மூன்று முறையும் துடிக்கும் என்று பார்த்தோம். இதில் ஒரு சுழற்சியா, மூன்றா? மாறுநிலைத் தள முறையில் விடை தெளிவானது. ஒவ்வொரு தளத்திலும் அந்தத் தளத்தின் சறுக்குத் திரிபை மட்டும் எடுத்து எண்ணுங்கள். ஒரு தளத்தில் ஒரு பெரிய சுழற்சியும் இரண்டு சிறியவையும் வரலாம், இன்னொன்றில் மூன்றும் ஏறத்தாழ சமமாக வரலாம்.

எண்ணியவற்றின் சேதத்தைக் கூட்டுவதற்கு, பாம்கிரென் 1924இலும் மைனர் 1945இலும் சொன்ன நேர்க்கூட்டலே இன்றும் நடப்பு. ஒரு சுமையின் ஆயுள் N சுழற்சி என்றால், அதன் ஒவ்வொரு சுழற்சியும் N-இல் ஒரு பங்கு சேதம். கூட்டுத்தொகை ஒன்றாகும்போது முறியும் என்பது வசதிக்காகச் செய்த ஏற்பாடு, இயற்கை விதி அல்ல. முதலில் இழுவை, பிறகு முறுக்கம் என்று மாற்றி ஓட்டினால், முதற்கட்டத்தில் பிறந்த விரிசல்கள் இரண்டாம் கட்டத்தின் தளத்தோடு பொருந்துமா என்பதைப் பொறுத்துத் தொகை ஒன்றிலிருந்து விலகும்.

மாறாத முறுக்கம் ஒன்று எப்போதும் இருக்கிறது, வளைவு மட்டும் மாறுகிறது. அந்த நிலையான முறுக்கத்தைக் கணக்கில் சேர்க்கணுமா?

இது நல்ல கேள்வி. நிலையான இழுவை ஆயுளைக் குறைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வழவழப்பான துண்டில் நிலையான முறுக்கம், ஈல்டு எல்லையைத் தாண்டாதவரை, அயர்ச்சி எல்லையை ஏறக்குறைய மாற்றுவதில்லை. ஜார்ஜ் சைன்ஸ் 1950களில் தம் விதியை எழுதியபோது சராசரி முறுக்கத்துக்கு இடமே வைக்கவில்லை. துண்டில் காடியோ கூர்மையான படியோ இருந்தால் கதை மாறும். அப்போது சராசரி முறுக்கமும் ஆயுளைக் குறைக்கும். போட்டி வரைபடத்தில் துண்டு வழவழப்பானதா என்று முதலில் பாருங்கள்.

'10 லட்சத்தில் முறியவில்லை' என்று சில வரிகள் இருக்கின்றன. அவற்றை அழித்துவிடலாமா?

அழிக்கவும் கூடாது, 10 லட்சத்தில் முறிந்ததாக எழுதவும் கூடாது. ஆயுள் 10 லட்சத்துக்குக் குறையாது என்பதே அந்த வரி தரும் தகவல். பொருத்தம் செய்யும்போது, அந்தத் துண்டு அதுவரை பிழைத்திருப்பதற்கான நிகழ்தகவாக அதைச் சேர்க்க வேண்டும். மருத்துவப் புள்ளியியலில் புழங்கும் அதே முறைதான்.

இவ்வளவு தலைவலி எதற்கு? தரவைக் கணினிக் கற்றல் நிரலில் கொட்டிவிட்டால் அதுவே கற்றுக்கொள்ளாதா?

தரவு ஆயிரக்கணக்கில் இருந்தால் கற்றுக்கொள்ளும். இங்கே ஒரு பொருளுக்கு ஐம்பது துண்டுகள் இருந்தாலே செல்வம். காரணத்தை இயந்திர நேரக் கணக்கில் பார்த்தோம். போட்டியில் வரும் பாதைகளோ, பயிற்சித் தரவில் இல்லாதவையாக வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. இழுவையையும் முறுக்கத்தையும் மட்டும் பார்த்த கற்றல் நிரலுக்கு 90 பாகைக் கட்ட வேறுபாட்டைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்காது. ஆனாலும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லும்.

தன்னை ஏமாற்றிக்கொள்ளும் வழியும் ஒன்று உண்டு. ஒரே சுமையில் ஓடிய மூன்று துண்டுகளில் இரண்டைப் பயிற்சிக்கும் ஒன்றைச் சோதனைக்கும் ஒதுக்கினால், விடையை முன்கூட்டியே காட்டிவிட்டுத் தேர்வு வைத்ததாகும். பாதை முழுவதையும் ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள். நான் பரிந்துரைப்பது நடுவழி: மாறுநிலைத் தள அளவீட்டையும், பாதை எவ்வளவு சுழல்கிறது என்ற ஓர் எண்ணையும் உள்ளீடாகக் கொடுத்து, மாதிரி விட்ட மிச்சப் பிழையை மட்டும் நிரல் கற்கட்டும்.

பாம்பன் பாலத்துக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

கொஞ்சம் உண்டு. 1914இல் திறந்து 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நின்ற பழைய பாலத்தின் பெரும்பாலான உறுப்புகள் ஒரே திசையில் இழுவையோ அழுத்தமோ ஏற்றவை. அவற்றுக்குப் பல்லச்சுக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஆனால் கப்பலுக்கு வழிவிட அதன் ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி உருண்டு திறந்த இடத்தில் எஃகின்மேல் எஃகு அழுந்தி உருண்டது. இரயில் சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்திலும் அப்படியே. அங்கே அழுத்தமும் சறுக்கும் வெவ்வேறு நேரத்தில் உச்சமடைகின்றன. 1973இல் பிரான்சின் தாங் வான் முன்வைத்த விதி, உருளும் தொடுகையைக் கணக்கிட இன்றும் கையாளப்படுகிறது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தின் 72.5 மீட்டர் கண் செங்குத்தாக எழுகிறது; ஆனால் ஒரு நாளில் அது எழும் தடவைகள் கைவிரல்களில் அடங்குவதால், தண்டுகளில் லட்சக்கணக்கான சுழற்சி சேரும் கேள்வி அங்கே எழவில்லை.

நம்ம கடல்ல கணக்கு சொல்றதைவிட சீக்கிரம் உடையுதே, கணக்கு தப்பா?

கணக்கு காற்றில் ஓட்டிய சோதனைக்கானது. காற்றில் சாதாரண எஃகுக்கு ஓர் அயர்ச்சி எல்லை இருக்கிறது. அதற்குக் கீழான தகைவில் பல கோடிச் சுழற்சிக்கும் முறிவதில்லை. பாதுகாப்பில்லாமல் உப்புநீரில் கிடக்கும் எஃகுக்கு அந்த எல்லையே கிடையாது. அரிப்பு தோண்டும் சிறுகுழி ஒவ்வொன்றும் விரிசலுக்குத் தயார் நிலையில் உள்ள தொடக்கப்புள்ளி. அரிப்புக்கு நேரம் வேண்டும் என்பதால், மெதுவாக வரும் சுழற்சி வேகமானதைவிட அதிகச் சேதம் செய்கிறது. காற்றில் எடுத்த அதிவேகச் சோதனையில் இது தெரியாது. நம் கரையின் உப்புக்காற்று ஊரறிந்தது; காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகத் தகடுகளை வெளியில் வைத்து அரிப்பை அளக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

போட்டி அறிவிப்பில் கடல்நீர் என்று இல்லாவிட்டால் இதையெல்லாம் கணிப்பில் சேர்க்காதீர்கள். போட்டிக்குக் கணித்த எண்ணைப் படகுக்காரரிடம் ஆயுளென்று சொல்லிவிடவும் செய்யாதீர்கள்.

முடிவு வந்துவிட்டது. என் கணிப்புகளில் பாதி வெளியே போய்விட்டது. எங்கே தவறினேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல், பாதைவாரியாகப் பிழையைப் பிரித்துப் போடுங்கள். கட்ட வேறுபாடு உள்ள பாதைகளில் மட்டும் உண்மையைவிட நீண்ட ஆயுளைச் சொல்லியிருந்தால், கூடுதல் இறுக்கத்தை உங்கள் தகைவுக் கணக்கு பிடிக்கவில்லை. தூய முறுக்கம் மட்டும் விலகியிருந்தால், சாக்கா எஃகா என்ற கேள்விக்குத் தவறான விடை சொல்லியிருக்கிறீர்கள். அமைப்பாளர்கள் முறிவு முகத்தின் படத்தைத் தந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரேயொரு துண்டு மட்டும் தனியாக விலகி நின்றால் அதை விட்டுவிடுங்கள், மேலே சொன்ன மூன்று துண்டுகளின் சிதறல்தான் அது. எல்லாப் புள்ளிகளும் ஒழுங்காக ஒரே பக்கம் இருமடங்கு தள்ளியிருந்தால் மாதிரியைக் குறை சொல்லாமல், சுழற்சிக்குப் பதில் எதிர்த்திருப்பத்தை எழுதிவிட்டீர்களா என்று நிரலின் கடைசி வரியைத் திறந்து பாருங்கள்.